ஈஸ்கிலஸின் வாழ்வும் குருதிப்பழியும்: பழிவாங்கலிலிருந்து நீதிமன்றத்திற்கு

ஆய்வுச் சுருக்கம்

கிரேக்கத் துன்பியல் நாடகத்தின் முன்னோடியான ஈஸ்கிலஸின் வாழ்க்கையைக் குடும்பப் பழிவாங்கல், குருதிப்பழி ஆகிய இரு கருத்துகளின் வழியே இக்கட்டுரை அணுகுகிறது. ஆட்ரியஸ் குடும்பத்தின் தொன்மக் கதை அவருக்கு வெறும் பழங்கதையாக அமையவில்லை. ஏதென்ஸ் நகரின் அரசியலிலும் சட்டத்திலும் குருதிப்பழி அவர் காலத்திலும் உயிரோடிருந்தது. கொலை செய்தவனும் கொலைக்கு நீதி கேட்க வேண்டியவனும் ஒரே குடும்பத்தினராக அமையும்போது பழிவாங்கும் முறைமை சிதைகிறது என்பதையும், நீதிமன்றத் தீர்ப்பு மட்டுமே அதற்கு முடிவாகாது என்பதையும் அவருடைய ஓரெஸ்டியா முத்தொகுதி எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: ஈஸ்கிலஸ், ஓரெஸ்டியா, குருதிப்பழி, அரியோபாகஸ், எரினீயஸ், துன்பியல்.

முன்னுரை

உலக நாடக இலக்கியத்தில் முழுமையாகக் கிடைத்துள்ள மிகப் பழைய துன்பியல் நாடகங்கள் ஈஸ்கிலஸ் இயற்றியவை. எழுபதுக்கும் மேற்பட்ட நாடகங்களை அவர் எழுதியதாக அறியப்படினும், இன்று அவர் பெயரால் வழங்குவன ஏழு மட்டுமே. அவற்றுள் பிராமிதியஸ் பற்றிய நாடகம் அவருடையதுதானா என்னும் ஐயம் ஆய்வாளரிடையே நிலவுகிறது. எஞ்சியவற்றுள் ஓரெஸ்டியா எனப்படும் மூன்று நாடகங்களின் தொகுதியே கிரேக்க நாடக முத்தொகுதிகளில் முழுமையாக எஞ்சிய ஒன்றாகும். தந்தையின் மரணத்திற்காகத் தாயைக் கொன்ற மகனின் கதை அது. இக்கதையை ஈஸ்கிலஸ் ஏன் தம் முதுமையில் தேர்ந்தார் என்பதையும், முன்னோர் சொல்லாத எதனை அதில் சேர்த்தார் என்பதையும் அவர் வாழ்ந்த காலத்தோடு பொருத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எலூசிஸில் பிறப்பு

ஈஸ்கிலஸ் ஏறத்தாழ கி.மு. 525ஆம் ஆண்டில், ஏதென்ஸ் நகருக்கு மேற்கேயுள்ள எலூசிஸ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையின் பெயர் யூஃபோரியன். உயர்குடிக் குடும்பம் அது. எலூசிஸ் ஊர் டெமீட்டர் என்னும் நிலத்தெய்வத்தின் மறைவழிபாட்டால் கிரேக்க உலகெங்கும் புகழ்பெற்றிருந்தது. அம்மறைபொருள்களை நாடகத்தில் வெளிப்படுத்தியதாக அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது என்ற செய்தி பழைய மரபில் வழங்குகிறது. அரிஸ்டாட்டிலும் இதனைச் சுட்டியுள்ளார்.

அவர் பிறந்தபோது ஏதென்ஸ் ஒரு கொடுங்கோலர் குடும்பத்தின் ஆட்சியில் இருந்தது. கி.மு. 514இல் அக்குடும்பத்தைச் சேர்ந்த ஹிப்பார்க்கஸ் கொல்லப்பட்டான். அவன் அண்ணனும் ஆட்சியாளனுமான ஹிப்பியாஸ் கி.மு. 510இல் துரத்தப்பட்டான். கி.மு. 508 வாக்கில் கிளைஸ்தனீஸ் மக்களைப் பத்துப் புதிய பிரிவுகளாக வகுத்து மக்களாட்சிக்கு அடித்தளம் இட்டார். குலமும் கிளையும் பெற்றிருந்த ஆற்றல் குறைந்து, ஊரும் நகரும் முதன்மை பெறத் தொடங்கிய காலம் அது. ஈஸ்கிலஸின் இளமை இம்மாற்றத்தின் நடுவே கழிந்தது.

ஏதென்ஸ் சுமந்த குருதிப்பழி

கிளைஸ்தனீஸின் குடும்பமான அல்க்மியோனிடர் ஒரு பழைய பழியைச் சுமந்தவர்கள். கி.மு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சைலன் என்பவன் ஆட்சியைக் கைப்பற்ற முயன்று தோற்றான். அவனுடைய ஆட்கள் அதீனாவின் கோயிலில் அடைக்கலம் புகுந்தனர். உயிருக்குத் தீங்கில்லை என்ற உறுதியின்பேரில் வெளிவந்த அவர்களை அல்க்மியோனிடரும் அவரைச் சார்ந்தோரும் கொன்றனர். வணக்கத்திற்குரிய தேவியர் எனப்பட்ட தெய்வங்களின் பலிபீடங்களில் தஞ்சமடைந்தோரும் தப்பவில்லை என வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார்.

இக்கொலையின் பழி தலைமுறைகள் கடந்து நீண்டது. குற்றத்திற்குரியோர் விசாரிக்கப்பட்டனர், உயிரோடிருந்தோர் நாடு கடத்தப்பட்டனர், இறந்தோரின் எலும்புகள்கூடத் தோண்டி எடுக்கப்பட்டு எல்லைக்கு வெளியே எறியப்பட்டன. கிரீட் தீவிலிருந்து எபிமெனிடீஸ் என்பவர் வந்து நகரைத் தூய்மைப்படுத்தினார் என்றும் மரபு கூறுகிறது. ஆயினும் பழி தீரவில்லை. கி.மு. 508இல் ஸ்பார்ட்டா மன்னன் கிளியோமினீஸ் இதே பழியைக் காரணம் காட்டிக் கிளைஸ்தனீஸை வெளியேறச் செய்ததோடு, எழுநூறு குடும்பங்களையும் ஏதென்ஸிலிருந்து துரத்தினான். அவர்கள் விரைவிலேயே திரும்பிவிட்டனர். அப்போது ஈஸ்கிலஸுக்கு வயது ஏறத்தாழப் பதினேழு. நூறாண்டுக்கும் முந்தைய கொலை ஒன்று, கண்முன்னே அண்டை வீட்டாரை ஊரைவிட்டு அகற்றக்கூடும் என்பதைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அவர்.

கொலை பற்றிய சட்டமும் குடும்பத்தையே மையமாகக் கொண்டிருந்தது. டிராகோ என்பவர் ஏறத்தாழ கி.மு. 621இல் வகுத்த சட்டம், கருதிச் செய்யாத கொலைக்குத் தனிவிதி கண்டது. அத்தகைய கொலையாளி நாடு நீங்க வேண்டும். இறந்தவரின் தந்தை, சகோதரர், மகன் ஆகியோர் ஒருமனதாக மன்னித்தால் திரும்பலாம். வழக்குத் தொடுக்கும் பொறுப்பும் உறவினருடையதே. அரசு தானாக முன்வந்து கொலைவழக்கை நடத்தும் வழக்கம் அங்கில்லை. பழிவாங்கும் கடமையைச் சட்டம் நீக்கிவிடவில்லை; அக்கடமைக்கு வரம்பும் வழிமுறையும் வகுத்தது. இவ்வமைப்பில் ஓர் இடைவெளி உள்ளது. கொன்றவனே இறந்தவரின் நெருங்கிய உறவினனாக இருந்தால் நீதி கேட்க யார் வருவார்? ஈஸ்கிலஸின் நாடகங்கள் இவ்வினாவை மீண்டும் மீண்டும் நாடிச் செல்கின்றன.

போர்க்களமும் சகோதரனின் இறப்பும்

ஈஸ்கிலஸ் கி.மு. 499 வாக்கில் நாடகப் போட்டியில் முதன்முறை பங்கேற்றார். ஆயினும் அவருடைய முதல் வெற்றி கி.மு. 484இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பாரசீகப் பேரரசின் படையெடுப்பு நிகழ்ந்தது. கி.மு. 490இல் மாரத்தான் போர்க்களத்தில் ஈஸ்கிலஸ் போரிட்டார். அவருடைய சகோதரர் சினிகெய்ரஸ் அங்கேயே மாண்டார். கடற்கரையில் பாரசீகக் கப்பலின் பின்புறத்தைப் பற்றியபோது அவருடைய கை கோடரியால் வெட்டப்பட்டது என ஹெரோடோட்டஸ் பதிவு செய்துள்ளார். பத்தாண்டு கழித்து கி.மு. 480இல் நிகழ்ந்த சாலமிஸ் கடற்போரிலும் ஈஸ்கிலஸ் பங்கேற்றார்.

கி.மு. 472இல் அவர் பாரசீகர் என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். சமகால நிகழ்ச்சியைப் பொருளாகக் கொண்ட கிரேக்கத் துன்பியல்களில் இன்று எஞ்சியிருப்பது இதுவொன்றே. சகோதரனைப் பகைவரிடம் பறிகொடுத்தவர் எழுதிய இந்நாடகம் பாரசீக அரசவையில் நிகழ்கிறது. தோற்ற மன்னனின் தாயும் முதியோரும் இறந்தோரை எண்ணிப் புலம்புகின்றனர். வென்ற கிரேக்கருள் ஒருவர் பெயர்கூட அதில் இடம்பெறவில்லை; ஆசிரியரின் சகோதரர் பெயரும் இல்லை. பாரசீகரின் வீழ்ச்சிக்கு அவர்களுடைய செருக்கே காரணம் என்று நாடகம் காட்டுகிறது; எனினும் அவர்களுடைய துயரை எள்ளி நகையாடவில்லை. பழிவாங்கும் உணர்வுக்கு இடமிருந்த ஓரிடத்தில் அவர் பகைவரின் ஒப்பாரியை எழுதினார் என்பது பின்னைய நாடகங்களைப் புரிந்துகொள்ள உதவும் குறிப்பாகும்.

இந்நாடகத்தின் செலவை ஏற்ற புரவலர் இளைஞரான பெரிக்கிளீஸ். அவருடைய தாய் அல்க்மியோனிடர் குடும்பத்தைச் சேர்ந்தவர். சைலன் காலத்துப் பழி அவரையும் விடவில்லை. ஈஸ்கிலஸ் மறைந்து இருபதாண்டுகளுக்கு மேலான பின்பும், பெலொப்பொனீசியப் போரின் தொடக்கத்தில், பழிக்குரிய குடும்பத்தாரை வெளியேற்றுமாறு ஸ்பார்ட்டா ஏதென்ஸிடம் கோரியது. அக்கோரிக்கையின் இலக்கு பெரிக்கிளீஸே.

அரங்கில் குடும்பப் பகை

ஈஸ்கிலஸுக்கு முன் துன்பியல் அரங்கில் ஒரு நடிகரும் பாடற்குழுவுமே இருந்தனர். இரண்டாம் நடிகரைச் சேர்த்துப் பாடற்குழுவின் பங்கைக் குறைத்தவர் அவரே என அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார். இம்மாற்றத்தால் ஒருவரையொருவர் எதிர்த்து வாதிடும் இரு மாந்தர் அரங்கில் நேருக்குநேர் நிற்க இயன்றது. ஒரே கதையை மூன்று நாடகங்களாக விரித்து, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் வினையைக் காட்டும் அமைப்பையும் அவர் சிறப்புறக் கையாண்டார்.

கி.மு. 467இல் முதற்பரிசு பெற்ற தீப்ஸ் நகரக் கதை இதற்குச் சான்று. லாயஸ், ஈடிப்பஸ் ஆகிய முதலிரு நாடகங்கள் மறைந்துபோயின. மூன்றாவதான தீப்ஸ் மீது எழுவர் மட்டும் எஞ்சியுள்ளது. ஈடிப்பஸின் மகன்களான எட்டியோக்ளீஸும் பாலினைசீஸும் நகரவாயிலில் ஒருவரையொருவர் கொன்று மடிகின்றனர். தந்தையின் சாபம் அவ்வாறு நிறைவேறுகிறது. இங்குக் கொலையாளியும் கொலையுண்டவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். இருவரும் ஒருசேர மாய்வதால் பழிவாங்க எவரும் மிஞ்சவில்லை. குடும்பம் அழிந்தால் பகையும் அழியும் என்பதே அந்நாடகம் தரும் முடிவு. கி.மு. 463 வாக்கில் அரங்கேறிய அடைக்கலம் வேண்டுவோர் என்னும் நாடகத்தில் அவர் வேறொரு வழியைத் தொட்டார். தந்தையின் உடன்பிறந்தான் மக்களை மணக்க அஞ்சி ஓடிவந்த பெண்களைக் காப்பதா என்ற சிக்கலை ஆர்கோஸ் மன்னன் தானே முடிவு செய்யாமல் மக்கள் அவையின் வாக்குக்கு விடுகிறான். குடும்பச் சிக்கலில் நகரம் வாக்களிக்கும் காட்சி அங்கே முதலில் தலைகாட்டுகிறது.

இதற்கிடையே அவர் சிசிலித் தீவுக்கும் சென்றுவந்தார். சிராக்கியூஸ் ஆட்சியாளன் ஹியரோனின் அழைப்பில் அவன் நிறுவிய எட்னா நகரைச் சிறப்பித்து ஒரு நாடகம் இயற்றினார். கி.மு. 468இல் இளைஞரான சோஃபோக்ளீஸிடம் போட்டியில் தோற்றார். மூன்றாம் நடிகரைச் சோஃபோக்ளீஸ் சேர்த்தபோது, அப்புதுமையை மூத்தவரான ஈஸ்கிலஸ் ஏற்றுத் தம் ஓரெஸ்டியாவில் பயன்படுத்தினார்.

நகரில் நிகழ்ந்த கொலை

ஏதென்ஸின் அரியோபாகஸ் என்னும் குன்றின்மீது கூடிய முதியோர் அவை பழம்பெருமை வாய்ந்தது. ஆட்சிப் பொறுப்பில் இருந்து விலகியோர் அதன் உறுப்பினராக வாழ்நாள் முழுதும் இருந்தனர். கி.மு. 462 வாக்கில் எஃபியால்டீஸ் என்னும் தலைவர் அவ்வவையின் அரசியல் அதிகாரங்களைப் பறித்து மக்கள் அவைக்கும் மக்கள் நீதிமன்றங்களுக்கும் வழங்கினார். திட்டமிட்ட கொலைகளை விசாரிக்கும் உரிமை அரியோபாகஸ் அவையிடமே விடப்பட்டது. சீர்திருத்தம் நிறைவேறிய சிறிது காலத்திற்குள் எஃபியால்டீஸ் கொல்லப்பட்டார். எதிரணித் தலைவர் சைமன் நாடு கடத்தப்பட்டார். உள்நாட்டுப் போர் மூளுமோ என்னும் அச்சம் நகரில் நிலவியது. கொலைக்குக் கொலை என்னும் சங்கிலி, குடும்பத்திலிருந்து அரசியல் அணிகளுக்குத் தாவும் நிலை அது.

இப்பின்னணியில் கி.மு. 458இல் ஓரெஸ்டியா அரங்கேறி முதற்பரிசு பெற்றது. ஆசிரியருக்கு அப்போது வயது அறுபத்தேழை நெருங்கியிருந்தது.

ஆட்ரியஸ் குடும்பக் கதையும் ஈஸ்கிலஸின் மாற்றங்களும்

கதையின் வேர் ஆழமானது. ஆட்ரியஸ் தன் சகோதரன் தையெஸ்டீஸின் பிள்ளைகளைக் கொன்று அவனுக்கே உணவாகப் படைத்தான். ஆட்ரியஸின் மகன் அகமெம்னான் டிராய் நகர்மீது படையெடுக்கக் காற்று வேண்டித் தன் மகள் இஃபிஜீனியாவைப் பலியிட்டான். போரில் வென்று திரும்பிய அவனை மனைவி கிளைட்டம்னெஸ்ட்ரா குளியலறையில் ஆடையால் வலைபோல் சுற்றிக் கொன்றாள். தையெஸ்டீஸின் எஞ்சிய மகன் ஈஜிஸ்தஸ் அவளுக்குத் துணை. பின்னர் மகன் ஓரெஸ்டஸ் திரும்பிவந்து இருவரையும் கொன்றான்.

ஹோமரின் ஒடிசியில் ஓரெஸ்டஸ் தந்தைக்காகப் பழிதீர்த்த நல்மகனாகப் போற்றப்படுகிறான். ஈஜிஸ்தஸைக் கொன்றதே அங்குப் பேசப்படுகிறது. தாயின் சாவு போகிறபோக்கில் சுட்டப்படுகிறது. அவனைத் துரத்தும் தெய்வங்கள் அங்கில்லை. ஈஸ்கிலஸ் தாய்க்கொலையை நாடகத்தின் நடுவே நிறுத்தினார். முதல் நாடகமான அகமெம்னானில் கிளைட்டம்னெஸ்ட்ரா தன் கையாலேயே கணவனைக் கொன்று, மகளின் பலிக்கு அதுவே நீதியென வாதிடுகிறாள். ஈஜிஸ்தஸ் தன் உடன்பிறந்தார்க்கு அது நீதியென மகிழ்கிறான். இரண்டாவதான நீர்க்கடன் செலுத்துவோரில் ஓரெஸ்டஸ் அப்பல்லோவின் ஆணையை ஏற்று வருகிறான். ஆயினும் தாய் தன் மார்பைக் காட்டி நிற்கும்போது அவன் கை தயங்குகிறது. அதுவரை வாய்திறவாத நண்பன் பைலடீஸ் தெய்வ ஆணையை நினைவூட்டிய பிறகே அவன் தாயைக் கொல்கிறான். கொன்றவர் அனைவரும் தத்தம் செயலை நீதி என்றே அழைக்கின்றனர். ஒவ்வொருவர் கூற்றிலும் ஓரளவு உண்மையும் உண்டு. அதனால்தான் சங்கிலி அறுபடவில்லை.

ஓரெஸ்டஸின் செயலோடு முன்னர்க் குறிப்பிட்ட இடைவெளி முழுமையாகத் திறக்கிறது. கிளைட்டம்னெஸ்ட்ராவுக்காக நீதி கேட்க வேண்டியவன் அவள் மகன், கொன்றவனும் அவனே. மனித உறவில் வழக்காடுவோர் இல்லாத இவ்விடத்தில்தான் எரினீயஸ் எனப்படும் பழிவாங்கும் தெய்வங்கள் எழுகின்றன. உறவினர் செய்ய வேண்டிய கடமையை அவை ஏற்கின்றன.

விசாரணையும் அதன் பின்னரும்

மூன்றாவதான யூமெனிடீஸ் நாடகத்தில் ஓரெஸ்டஸ் டெல்ஃபியில் தஞ்சமடைகிறான். பன்றியின் குருதியால் அவன் தூய்மை செய்யப்பட்டும் எரினீயஸ் அவனை விடவில்லை. சடங்கால் தீராத பழி ஏதென்ஸுக்கு வருகிறது. அதீனா தான் ஒருத்தியாகத் தீர்ப்பளிக்க மறுத்து, குடிமக்களைத் தேர்ந்து அரியோபாகஸில் கொலைவழக்கு மன்றத்தை நிறுவுகிறாள். அம்மன்றத்தின் முதல் வழக்கு போர்த்தெய்வமான ஏரீஸ் மீதானது என்ற வேறொரு மரபும் ஏதென்ஸில் இருந்தது. ஓரெஸ்டஸின் வழக்கையே மன்றத்தின் தோற்றமாக ஈஸ்கிலஸ் அமைத்துள்ளார். ஹோமர் மைசீனியில் வைத்த அரண்மனையையும் ஆர்கோஸுக்கு மாற்றினார். ஏதென்ஸ் அண்மையில் ஆர்கோஸோடு நட்புடன்படிக்கை செய்திருந்தது. பழங்கதை சமகால நகரை நோக்கித் திருப்பப்பட்டது இவ்வாறுதான்.

வழக்கின் மையம் உறவு பற்றியது. கணவனைக் கொன்றவளைத் துரத்தாத எரினீயஸ், மகனை மட்டும் துரத்துவது ஏன் என்ற வினா எழுகிறது. கணவன் மனைவிக்குக் குருதி உறவினன் அல்லன் என்பது அவற்றின் விடை. அப்பல்லோ மறுதலையாகத் தாயை உண்மைப் பெற்றோராகவே ஏற்க மறுக்கிறான். தாய் வயிற்றில் பிறவாத அதீனாவையே அதற்குச் சான்று காட்டுகிறான். இரு வாதங்களும் குறையுடையவை. ஒன்று திருமண உறவை ஒதுக்குகிறது. மற்றொன்று தாய்மையை ஒதுக்குகிறது. வாக்குகள் சமமாகப் பிரிகின்றன. அதீனாவின் வாக்கும் ஓரெஸ்டஸுக்கே. சம வாக்கு குற்றஞ்சாட்டப்பட்டவர்க்குச் சார்பானது என்பது ஏதென்ஸ் நீதிமன்ற விதியும் ஆகும். ஓரெஸ்டஸ் விடுதலை பெற்றுச் செல்கிறான்.

நாடகம் அங்கு முடியவில்லை. தீர்ப்புக்குப் பின்னும் கால்பகுதிக்கு மேல் நீள்கிறது. தோற்ற எரினீயஸ் நிலத்தையும் பயிரையும் மகப்பேற்றையும் அழிப்பதாகச் சீறுகின்றன. அதீனா அவற்றைத் துரத்தவோ அடக்கவோ முயலவில்லை. வாக்குகள் சமம் என்பதால் அவை இழிவுபடவில்லை என்று பலமுறை பொறுமையோடு எடுத்துரைக்கிறாள். நகரில் நிலையான இருப்பிடமும் வழிபாடும் தருவதாக உறுதியளிக்கிறாள். இறுதியில் அவை இசைந்து வாழ்த்துகின்றன. செவ்வாடை அணிவிக்கப்பட்டு ஊர்வலமாக நிலத்தடி இருப்பிடத்திற்கு அழைத்துச் செல்லப்படுகின்றன. அரியோபாகஸ் குன்றருகே உண்மையிலேயே வணக்கத்திற்குரிய தேவியரின் கோயில் இருந்தது. சைலனின் ஆட்கள் தஞ்சம் புகுந்து கொல்லப்பட்டது அத்தேவியரின் பலிபீடங்களில்தான். ஏதென்ஸ் மக்கள் அவ்விடத்தை எண்ணாமல் இக்காட்சியைக் கண்டிருக்க இயலாது.

சைலன் வழக்கில் விசாரணையும் நடந்தது, தூய்மைச் சடங்கும் நடந்தது, பழி தீரவில்லை. பாதிக்கப்பட்டோரின் சினத்திற்கு அங்கு இடமளிக்கப்படவில்லை. ஈஸ்கிலஸ் அமைத்த முடிவில் தீர்ப்பைவிடத் தோற்றவரை இணங்கச் செய்வது நீண்ட பணியாகக் காட்டப்படுகிறது. அச்சத்தை நகரிலிருந்து முற்றிலும் அகற்றலாகாது என்ற கருத்தை எரினீயஸும் அதீனாவும் ஒருசேர முன்வைப்பதும் இதனோடு தொடர்புடையது. எஃபியால்டீஸின் சீர்திருத்தத்தை ஈஸ்கிலஸ் ஆதரித்தாரா எதிர்த்தாரா என்று ஆய்வாளர் மாறுபடுகின்றனர். கொலைவழக்கு மன்றமாக அரியோபாகஸை அவர் உயர்த்தியதும், உள்நாட்டுப் பகையை அஞ்சியதும் தெளிவு.

இறுதிக் காலமும் புகழும்

ஓரெஸ்டியாவின் வெற்றிக்குப் பின் ஈஸ்கிலஸ் மீண்டும் சிசிலிக்குச் சென்றார். கி.மு. 456 வாக்கில் ஜெலா நகரில் காலமானார். கழுகொன்று அவர் தலையைப் பாறையென எண்ணி ஆமையைப் போட்டதால் இறந்தார் என்பது பிற்காலக் கட்டுக்கதை. அவர் கல்லறைக்கு உரியதென வழங்கும் வாசகம் மாரத்தானில் அவர் காட்டிய வீரத்தைக் கூறுகிறது, நாடகங்களைக் குறிப்பிடவில்லை.

அவருடைய மறைவுக்குப் பின் அவர் நாடகங்களை மீண்டும் அரங்கேற்ற விரும்புவோர்க்கு ஏதென்ஸ் இசைவளித்தது; பிறருக்குக் கிட்டாத சிறப்பு அது. மகன் யூஃபோரியனும் நாடக ஆசிரியரானார். கி.மு. 431இல் அவர் சோஃபோக்ளீஸையும், மெடியா நாடகத்தோடு வந்த யூரிப்பிடீஸையும் வென்றார். கி.மு. 405இல் அரிஸ்டோஃபனீஸ் தவளைகள் என்னும் நகைச்சுவை நாடகத்தில், போரால் நலிந்த ஏதென்ஸைக் காக்கப் பாதாளத்திலிருந்து மீட்டுவரத் தகுந்தவராக ஈஸ்கிலஸையே காட்டினார். நீர்க்கடன் செலுத்துவோர் நாடகம் இன்று ஃபிளாரன்ஸ் நகரில் உள்ள ஓர் இடைக்காலச் சுவடியைச் சார்ந்தே எஞ்சியுள்ளது. அதன் தொடக்க ஏடுகள் இழக்கப்பட்டன.

முடிவுரை

குருதிப்பழி ஈஸ்கிலஸுக்குத் தொன்மம் மட்டுமன்று. இளமையில் கண்ட நாடு கடத்தலாகவும், முதுமையில் கண்ட அரசியல் கொலையாகவும் இருந்தது. தீப்ஸ் கதையில் குடும்பத்தின் அழிவையே பகையின் முடிவாகக் காட்டிய அவர், ஓரெஸ்டியாவில் அழிவில்லாத முடிவு ஒன்றைத் தேடினார். கொன்றவனும் வழக்காட வேண்டியவனும் ஒருவனாகும்போது குடும்பத்திற்கு வெளியே ஒரு மன்றம் தேவை என்பதை அவர் நிறுவினார். எனினும் அம்மன்றத்தின் தீர்ப்பு குறையற்றதென அவர் கூறவில்லை. கொலையுண்ட தாயின் வழக்கு ஒரே வாக்கால் தோற்றது. அவ்வழக்கை எடுத்துரைத்த தெய்வங்களை நகரம் தன் நிலத்தடியில் குடியிருத்தி, ஆண்டுதோறும் வணங்க வேண்டியதாயிற்று. நீதிமன்றம் பழிவாங்கலின் இடத்தைப் பெறலாம். பழியின் நினைவை நகரம் தொடர்ந்து சுமந்தாக வேண்டும் என்பதே ஓரெஸ்டியாவின் வழி ஈஸ்கிலஸ் தம் நகருக்கு விட்டுச்சென்ற கருத்தாகும்.